குஸ்தாவ் மொரோவும் அவர்தம் மாணாக்கரும்

ஒருவன் வரைந்த படத்தைக் கண்ட மாத்திரத்தே, "இவன் இன்னாரிடம் பயின்றவன்" என்று சொல்லிவிடக் கூடுமாயின், அவ்வாசிரியரது ஆற்றல் மாணாக்கனிடத்து இறங்கியுள்ளது என்று நாம் பொதுவாகக் கருதுகின்றோம். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை வகுத்துப் பயிலும் நமக்கு இக்கருத்து இயல்பானதே. வழிநூல் செய்வோன் சிற்சில இடங்களில் வேறுபடினும், முதனூலாசிரியன் சென்ற நெறியிலேயே செல்வான். ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரில் வாழ்ந்த ஓர் ஓவியர், தமக்கு ஒரு வழிநூல்காரனையும் உண்டாக்காமலே பின்வந்தோர் பலரது கலையை மாற்றிவிட்டார். அவரிடம் பயின்றோருள் தலைசிறந்தவர் எவரும் அவரைப்போல வரைந்தாரில்லை. அவரோ, தம் காலத்தாரால் விநோதமானவர் என்றும், வீட்டினுள்ளே அடைந்துகிடக்கும் துறவி என்றும் பேசப்பட்டவர். குஸ்தாவ் மொரோ என்பது அவர் பெயர்.

மொரோ 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆந் தேதி பாரிஸில் பிறந்தார். தந்தையார் லூயி மொரோ கட்டடச் சிற்பி. குடும்பத்திற்குப் பொருட்குறை இல்லை. படத்தை விற்றுத்தான் உண்ணவேண்டும் என்ற நிலை அவருக்கு என்றும் நேர்ந்ததில்லை என்பதை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும். அவர் வாழ்க்கையின் விநோதங்களுட் பாதி இதனால் விளைந்தவை. பிக்கோ என்பவரிடம் முறைப்படி ஓவியம் பயின்றார். எனினும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர் தெயோடோர் ஷாஸேரியோ என்னும் இளம் ஓவியரே. ஷாஸேரியோ 1856-இல், முப்பத்தேழு வயதிலேயே இறந்தார். அவர் நினைவாக மொரோ பிற்காலத்தில் 'இளைஞனும் மரணமும்' என்னும் படத்தை வரைந்தார். அடுத்த ஆண்டு இத்தாலிக்குச் சென்று, 1859 வரை அங்கே பழைய பேராசிரியர்களின் சுவரோவியங்களையும் படங்களையும் பார்த்துப் பிரதி செய்தார். அப்பொழுது அங்கே அவருக்கு நண்பராயினவர், பின்னர்ப் பெரும் புகழ் பெற்ற எத்கார் தெகா.

பாரிஸில் 'சலோன்' என்னும் அரசாங்க ஓவியக் கண்காட்சி அந்நாளில் ஓவியரது வாழ்வையும் தாழ்வையும் நிருணயிக்கும் மன்றமாக இருந்தது. 1864-ஆம் ஆண்டுச் சலோனில் மொரோ வைத்த 'ஈடிப்பசும் ஸ்பிங்ஸும்' என்னும் படம் அவரை ஒரே நாளிற் பிரசித்தராக்கியது. கிரேக்கர் கதைப்படி, பெண்முகமும் சிங்கவுடலும் சிறகும் உடைய ஸ்பிங்ஸ் வழிப்போக்கரிடம் விடுகதை கேட்டு, விடை கூறாதவரைக் கொல்லும். மொரோவின் படத்தில் அப்பிராணி ஈடிப்பசின் மார்பிலே தொற்றிக்கொண்டு அவனை நேர்முகமாக நோக்குகிறது. அவனும் கண்ணிமையாது அதனை நோக்குகிறான். பாறையின் அடியில் முன்னர் மாண்டவர்களின் கைகால்கள் கிடக்கின்றன. இப்படம் தற்போது நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிடன் காட்சிசாலையில் உள்ளது. ஆனால் 1869-இல் அவர் வைத்த படங்களைப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. அதன்பின் ஏழாண்டுகள் அவர் சலோனுக்குப் படம் அனுப்பவேயில்லை.

1876-இல் மீண்டும் வெளிவந்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்த்தான், 1874-இல், மோனே முதலியோர் தம் முதற் கண்காட்சியை நடத்தியிருந்தனர். அவர்கள் கித்தானைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய், ஆற்றுநீரில் வெயில் விழும் விதத்தை அவ்வப்பொழுதே வரைந்தவர். மொரோவோ சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்தவர். கண்ணாற் கண்டதையும் கையாற் தொட்டதையும் தாம் நம்புவதில்லை என்றும், காணாததையும் உள்ளத்தால் உணர்ந்ததையுமே நம்புவதாகவும் அவர் தம் குறிப்புக்களில் எழுதிவைத்துள்ளார். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், இத்துணை மாறுபட்ட இரு கொள்கைகள் தழைத்தன என்பது வியப்பே.

அவ்வாண்டு அவர் வைத்தவற்றுள் இரண்டு, ஏரோதின் முன் நடனமாடிய பெண்ணைப் பற்றியவை. இக்கதையை நாம் மத்தேயு, மாற்கு சுவிசேஷங்களிற் படித்திருக்கிறோம். சுவிசேஷகர் இருவரும் அப்பெண்ணின் பெயரைக் கூறவில்லை. ஏரோதியாளின் குமாரத்தி என்றே கூறுகின்றனர். சலோமே என்னும் பெயர் யோசேப்பஸ் என்னும் யூத சரித்திராசிரியர் வாயிலாக வந்தது. மொரோவின் தைலவர்ணப் படத்தில் சலோமே கையில் ஒரு தாமரை மலரை ஏந்தி, கால்விரல் நுனியில் நிற்கிறாள். ஏரோது அசைவற்ற விக்கிரகம் போல உயரத்தில் வீற்றிருக்கிறான். அவன் மண்டபம் யூத நாட்டு மண்டபமன்று. எந்த நாட்டு மண்டபமும் அன்று. எகிப்து, பாரசீகம், இந்தியா, மூர்களின் ஸ்பெயின் ஆகிய எல்லா நாட்டுத் தூண்களும் வளைவுகளும் அங்கே கலந்து நிற்கின்றன. 'தோற்றம்' என்னும் மற்றொன்று நீர்வர்ணச் சித்திரம். அதிலே வெட்டுண்ட யோவான்ஸ்நானனின் தலை, இரத்தம் சொட்ட, ஒளிவட்டத்தோடு அந்தரத்தில் மிதக்கிறது. சலோமே கைநீட்டி அதனைச் சுட்டுகிறாள். மற்றவர் எவரும் அதனைக் கண்டதாகத் தெரியவில்லை. நடனத்தைப் பரிசாக மாற்றிக்கொண்டவளுக்கு மட்டுமே அது புலப்படுகிறது. சுவிசேஷத்தில் இல்லாத இக்காட்சி, அதைப் படிப்போர் உள்ளத்தில் எழக்கூடிய ஒன்றே என்பது என் எண்ணம்.

இவ்விரண்டு படங்களும் ஓவியரைக் காட்டிலும் எழுத்தாளரை முதலில் ஆட்கொண்டன. 1884-இல் உய்ஸ்மான்ஸ் என்பவர் எழுதிய ஒரு நாவலில், உலகை வெறுத்துத் தனித்து வாழும் பிரபு ஒருவன் இவ்விரண்டையும் தன் வீட்டில் மாட்டி, இரவெல்லாம் நோக்கியிருக்கிறான். அந்நாவல் வாயிலாகவே மொரோவின் பெயர் பிரான்சுக்கு அப்பாலும் பரவியது. ஆஸ்கார் ஒயில்டு பிரெஞ்சு மொழியில் எழுதி 1893-இல் வெளியிட்ட 'சலோமே' நாடகமும் இவ்வழியே வந்ததொரு கிளைதான். இத்தகைய புகழ் மொரோவுக்கு எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்பது ஐயத்திற்குரியது. தம்மை இலக்கியச் சார்புடைய ஓவியர் என்று பிறர் கூறுவதை அவர் விரும்பியவரல்லர்.

அவரது சித்திர முறையைப் பற்றிச் சில கூறவேண்டும். தைலவர்ணத்தை முதலில் பரந்த திட்டுக்களாக இட்டு, உருவங்களை ஒளியும் நிழலுமாக எழுப்புவார். அது உலர்ந்தபின், அதன்மேல் மெல்லிய கருங்கோடுகளால் அணிகலன், சித்திரத்தூண், பூவேலை, விக்கிரகம் ஆகியவற்றை வரைவார். பச்சை குத்தியதுபோல இக்கோடுகள் உருவங்களின்மேற் படர்ந்து நிற்கும். 'பச்சை குத்திய சலோமே' என்று ஒரு படத்திற்குப் பெயரே உண்டு. கோடும் வர்ணமும் ஒன்றையொன்று தழுவாமல் தனித்தனியே செல்வதே இம்முறையின் விந்தை. இவ்வணிகலன் மிகுதியைக் கண்ட தெகா, கடவுளரும் கடிகாரச் சங்கிலி அணிந்திருந்ததாக நம்மை நம்பச் செய்யப் பார்க்கிறார் மொரோ என்று நகையாடினாராம். பரிகாசம் பொருத்தமானதே. அவருடைய படங்களிற் பலவற்றைக் காணும்போது அணியிலக்கணம் முழுவதையும் ஒரே செய்யுளில் அடக்க முயன்ற புலவனின் நினைவு வருகிறது. 1895-இல் முடித்த 'ஜூப்பிட்டரும் செமிலியும்' என்னும் படத்தில் கண் நிலைத்து நிற்க ஓரங்குலம் இடமில்லை.

நம் நாட்டோடும் அவருக்கு ஒருவாறு தொடர்புண்டு. நேரில் வந்ததன்று, ஏட்டின் வாயிலாக வந்தது. 'மகா அலெக்சாந்தரின் வெற்றி' என்னும் படத்திற்காக இந்தியக் கோயில்களின் நிழற்படங்களையும் மொகலாயச் சிற்றோவியங்களையும் தேடிப் பார்த்தார். லாபோன்தேன் என்னும் பிரெஞ்சுக் கவியின் நீதிக்கதைகளுக்கு 1879 முதல் 1885 வரை நீர்வர்ணச் சித்திரங்கள் வரைந்தார். அவை அறுபதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மொகலாய நாட்டான் ஒருவன் கண்ட கனவைப் பற்றியதும் ஒன்று. லாபோன்தேனோ, 1678-இல் வெளியிட்ட இரண்டாந் தொகுதியின் கதைகளிற் பெரும்பகுதி பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குக் கடன்பட்டவை என்று தாமே ஒப்புக்கொண்டவர். பில்பாயின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கியவை பஞ்சதந்திரக் கதைகளே. தாண்டவராய முதலியார் நமக்குத் தமிழிற் தந்த அக்கதைகள் வேறொரு வழியாகப் பாரிஸ் நகரத்து ஓவியர் ஒருவரின் மேசைக்கும் சென்றுள்ளன.

1880-க்குப் பின் மொரோ சலோனிலிருந்து அறவே விலகினார். ரோஷ்பூக்கோ தெரு 14-ஆம் இலக்கமுள்ள வீட்டிலே தாயாருடன் வாழ்ந்தார். தாயாருக்குச் செவி கேளாது. ஆகவே தாம் வரையும் படங்களின் கருத்தை அவருக்கு விளக்க மொரோ சீட்டுக்களில் எழுதிக் காட்டுவார். தம் படங்களைப் பற்றி அவர் விட்டுச் சென்ற குறிப்புக்களிற் பல இவ்வாறு தோன்றியவை. உரை வேண்டாத கலை என்று சொல்லப்படும் ஓவியத்திற்கு, கேளாத தாய்க்காக ஒரு மகன் உரையெழுதினான் என்பதை எண்ணும்போது, அவரை வெறும் விநோதர் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. தாயார் 1884-இல் இறந்தார். நெடுநாள் உற்ற துணையாயிருந்த அலெக்சாந்திரீன் துரோ என்னும் மாது 1890-இல் இறந்தார். அதன்பின் அவ்வீட்டில் அவருடன் இருந்தவை முடிவுறாத படங்களே. இளமையில் தொடங்கிய கித்தான்களை எடுத்து, நாற்புறமும் புதுக்கித்தான் ஒட்டிப் பெரிதாக்கி, முப்பதாண்டுக்குப் பின் மீண்டும் வரைவது அவர் வழக்கம். 1852-இல் தொடங்கிய ஒரு படத்தை 1882-இல் இவ்வாறு விரித்தார். அதுவும் முடியவில்லை.

இத்தகைய ஒருவரை அரசாங்க நுண்கலைக் கல்லூரி 1892-ஆம் ஆண்டு ஆசிரியராக அமர்த்தியது. அப்போது அவர் வயது அறுபத்தைந்து. இதுகாறும் வீட்டுக்குள்ளே அடைந்திருந்த மனிதர் வகுப்பறையில் என்ன செய்வார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த செயல் எஞ்சியிருந்த அவ்வாறு ஆண்டுகளிலேதான் நிகழ்ந்தது.

ஏனைய ஆசிரியர் தம் மாணாக்கருக்கு உருவத்தைச் செம்மையாக வரையவும், ரோமாபுரிப் பரிசு பெறவும் பயிற்சி அளித்தனர். மொரோ தம் மாணாக்கரை லூவ்ர் காட்சிசாலைக்கு அனுப்பினார். பூசேன், ஷார்தேன் முதலியோரது படங்களைப் பிரதி செய்யுங்கள் என்பார். பின்னர், காட்சிசாலையிலேயே நின்றுவிடாமல் தெருவிலிறங்கி மனிதரைப் பார்த்து வரையுங்கள் என்பார். தாம் ஒருநாளும் செய்யாத காரியம் இது! தெருவை ஒருமுறையேனும் படமாக்காத அவர், தம் மாணாக்கருக்கு அதனைப் பணித்தார். வர்ணத்தை உள்ளத்தாற் கற்பனை செய்யவேண்டும், உள்ளதை உள்ளவாறு பெயர்த்தெழுதுவதனால் வர்ணம் பிறவாது என்பது அவர் வற்புறுத்திய கருத்து. தம் படங்களை வகுப்பில் மாதிரியாக வைத்தாரில்லை. மாணாக்கன் தவறு செய்தாலும் அது அவனுக்குரிய தவறாயின் அதனைத் திருத்த அவசரப்படமாட்டார்.

அவரிடம் வந்தவருள் ஒருவர் ஆன்ரி மத்தீஸ். 1869-ஆம் ஆண்டு இறுதி நாளிற் பிறந்தவர். முதலிற் சட்டம் படித்துப் பின் ஓவியத்திற்கு வந்தவர். வேறோர் ஆசிரியரிடம் மனம் பொருந்தாமல் அலைந்துகொண்டிருந்த இவரைத் தம் வகுப்பிற்கு வரச் சொன்னவர் மொரோ. கல்லூரியில் முறைப்படி சேர இவருக்கு 1895 வரை இயலவில்லை. ஆயினும் மொரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. 1897-இல் மத்தீஸ் உணவுமேசை ஒன்றைப் பெரிய படமாக வரைந்து கண்காட்சியில் வைத்தபோது அதனை இகழ்ந்தோர் பலர். மொரோ மாணாக்கன் பக்கமே நின்றார். மேசைமேலுள்ள கண்ணாடிக் குப்பிகள் உறுதியாக நிற்கின்றன, அவற்றின் மூடியில் என் தொப்பியை மாட்டலாம் என்று அவர் கூறியதாகச் சொல்வர். ஓவியத்தை எளிமையாக்கவே பிறந்தவன் நீ என்று மத்தீஸை நோக்கிச் சொன்னதாகவும் கூறுவர். ஓரங்குல இடமும் விடாமல் அணிகலன் நிரப்பிய கை, எளிமையாக்க வந்தவன் இவன் என்று ஒருவனைச் சுட்டிக் காட்டியதே, அது பெரிது. தாம் செய்வதற்கு நேர்மாறானதை மற்றொருவனிடம் கண்டு, அதுவே அவனுக்குரியது என்று மகிழ்வது எத்தனை ஆசிரியருக்கு வாய்க்கும்? மத்தீஸ் முதுமையில் தம் ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது, அவர் எம்மை ஒரு பாதையில் விட்டவரல்லர், பாதைகளினின்றும் வெளியே விட்டவர் என்னும் பொருள்படக் கூறினார்.

1905-ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் ஓர் அறை முழுவதும் சுடர்விடும் செவ்வண்ணமும் பச்சையும் நீலமுமாக இருந்தது. வோசெல் என்னும் விமரிசகர் அவ்வறையினரைக் 'காட்டு விலங்குகள்' என்று குறித்தார். அப்பெயரே அவ்வியக்கத்திற்கு நிலைத்துவிட்டது. அவ்விலங்குகளில் மத்தீஸ், மார்க்கே, மாங்கேன், காமுவான் ஆகிய நால்வர் மொரோவின் வகுப்பில் இருந்தவர். அவருள் ஒருவர் படத்திலேனும் ஸ்பிங்ஸோ, சலோமேயோ, ஜூப்பிட்டரோ இல்லை.

மற்றொரு மாணாக்கரின் கதை வேறு. ஜோர்ஜ் ருவோ 1871-ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸில் உள்நாட்டுக் கலகம் நடந்து பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, நிலவறையொன்றிற் பிறந்தவர். தச்சரின் மகன். பதினான்கு வயதில் கோயிற் சன்னல்களின் வர்ணக் கண்ணாடியைச் செப்பனிடும் தொழிலாளியிடம் வேலைக்கு அமர்ந்தார். மொரோவுக்கு மிகவும் உகந்த மாணாக்கர் இவரே. ரோமாபுரிப் பரிசுக்கு 1893-இலும் 1895-இலும் முயன்று இருமுறையும் தோற்றார். அப்போது, கல்லூரியை விட்டு வெளியேறு என்று ஆசிரியரே அவருக்குக் கூறினார். தம் வகுப்பின் பெருமை இம்மாணாக்கனே என்று கருதிய ஒருவர் அவனைப் போகச் சொல்வதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும்!

மொரோ 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆந் தேதி புற்றுநோயால் இறந்தார். அவருக்குப்பின் வந்த கொர்மோன் என்பவருக்கும் மத்தீஸுக்கும் ஒத்துவரவில்லை. மத்தீஸ் 1899-இல் நீங்கினார். ருவோ தந்தையை இழந்தவர்போலத் திகைத்தார். தம் வீட்டையும் அதிலுள்ள யாவற்றையும், தொகுதி கலையாமல் காப்பாற்றவேண்டும் என்ற விருப்பத்தோடு, மொரோ அரசாங்கத்துக்கு எழுதிவைத்திருந்தார். இதற்காகவே 1895-இல் வீட்டின் மேல்மாடிகளை இடித்துப் பெருங்கூடங்களாகக் கட்டியிருந்தார். அது 1903-ஆம் ஆண்டு சனவரியில் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அதன் முதற் காப்பாளர் ருவோ. சிறு ஊதியம் பெற்றுக்கொண்டு 1932 வரை அப்பணியில் இருந்தார்.

ஆசிரியரின் ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே அமர்ந்து, அவர் முகத்தையே நாளும் பார்த்துக்கொண்டிருந்த ருவோ, தம் கித்தானில் வரைந்தது யாது? கூத்தாடிகள், தெருவில் நிற்கும் இழிந்த பெண்டிர், கொடிய முகமுடைய நீதிபதிகள், பின்னர் முட்கிரீடம் அணிந்த கிறிஸ்து. தடித்த கருங்கோடுகளுக்கிடையே சிவப்பும் நீலமும் அனல்போல ஒளிர்ந்தன. கோயிற் கண்ணாடியில் ஈயப்பட்டை செய்வதை அவர் கோடு செய்தது. மேற்போக்காகப் பார்ப்பவருக்கு ஆசிரியரின் சாயல் சிறிதும் தோன்றாது. ஆயினும், வர்ணம் மாணிக்கம்போல உள்ளிருந்து ஒளிரவேண்டும் என்பதும், கோடும் வர்ணமும் தத்தம் வழியே நிற்கலாம் என்பதும் எங்கே கற்றவை என்று ஆராய்ந்தால், ரோஷ்பூக்கோ தெருவுக்கே வந்துசேர்வோம். சலோமே படங்களைப் புகழ்ந்து எழுதிய அந்த உய்ஸ்மான்ஸ் இதற்குள் பக்தராகி, லிகுஜே என்னும் மடத்தருகே கலைஞர் குழு ஒன்று அமைக்க முயன்றார். 1901-இல் ருவோ அங்கும் சென்று தங்கினார். குழு நிலைக்கவில்லை.

மொரோவின் காட்சிசாலைக்கு நெடுங்காலம் கூட்டம் இல்லை. பதினாறு வயதில் அங்கே புகுந்த ஆந்திரே பிரெத்தோன் என்னும் சிறுவன், பின்னர்க் கனவையும் நனவிலியையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இயக்கத்தின் தலைவரானார். அவ்வீட்டிற் கண்ட பெண்ணுருவங்களே தம் அன்பின் போக்கை என்றைக்குமாக நிருணயித்தன என்று எழுதினார். இரவில் கள்வன்போல நுழைந்து, கைவிளக்கின் ஒளியில் அப்படங்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாராம். 1961-இல் லூவ்ரில் நடந்த கண்காட்சிக்குப் பின்னர் வேறு சிலர் அவரைத் தேடி வந்தனர். உருவமே இல்லாமல் வர்ணத் திட்டுக்கள் மட்டும் உள்ள சிறு பலகைகள் அங்கே இருக்கின்றன. இவையே உருவமற்ற ஓவியத்தின் முதல் வித்து என்பர் சிலர். அவை பெரும்பாலும் படத்துக்கு முன் செய்த வர்ணப் பரீட்சைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் அவற்றை எறிந்துவிடாமல் அவர் வைத்திருந்தார் என்பதும் மறுக்கவொண்ணாதது.

ருவோ 1948-இல் தம் 'மிசெரேரே' என்னும் ஐம்பத்தெட்டுக் கருமைச் சித்திரங்களின் தொகுதியை வெளியிட்டார். பெரும்பாலும் முதல் உலகப் போர்க்காலத்திலும் அதனையடுத்தும் உருவானவை அவை. அதனைத் தம் ஆசிரியர் மொரோவுக்கும் தம் தாயாருக்கும் காணிக்கையாக்கினார். அவ்வாண்டிலேயே மற்றொன்றும் செய்தார். வோலார் என்னும் ஓவிய வணிகரின் வாரிசுகள் வைத்திருந்த முடிவுறாத தம் படங்களை வழக்காடித் திரும்பப் பெற்றிருந்தார். எஞ்சிய நாளில் அவற்றைச் செம்மையாக முடிக்கத் தம்மால் இயலாது என்று கண்டு, அவற்றுள் 315 படங்களைச் சாட்சி வைத்துக்கொண்டு உலையில் இட்டு எரித்தார். முடிவுறாத ஒன்றையும் விடாமல் சேர்த்துவைத்த ஆசிரியரின் வீட்டை முப்பதாண்டு காத்தவர் அவர்.